கர்த்தரைத் தேடும் வாஞ்சை வளர: அன்றாட வாழ்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஞாயிறு ஆராதனை தவறுவதில்லை. தசமபாகம் மாதம் பிறந்ததும் ஒதுங்கிவிடுகிறது. இரவில் குடும்ப ஜெபம் நடக்கிறது. பிள்ளைகள் முழங்காலிலேயே தூங்கி வழிந்தாலும் ஆமென் வரை தாக்குப்பிடிக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், “எதையும் கேட்பதற்காக இல்லாமல், ஆண்டவரோடு இருக்க வேண்டும் என்பதற்காகவே நீங்கள் கடைசியாக உட்கார்ந்தது எப்போது?” என்று யாராவது கேட்டால் பதில் சட்டென்று வருவதில்லை. இந்த வழிகாட்டி அப்படிப்பட்டவர்களுக்கானது. விசுவாசத்தை விட்டுப் போனவர்களுக்கு அல்ல, விடாமல் இருந்தும் உள்ளே காய்ந்துபோனவர்களுக்கு.

வெளிப்படுத்தின விசேஷம் 2-ஆம் அதிகாரத்தில் எபேசு சபைக்கு ஒரு கடிதம் இருக்கிறது. அது சோம்பேறிச் சபை அல்ல. கிரியை, பிரயாசம், பொறுமை மூன்றும் அங்கே இருந்தன. அப்போஸ்தலர் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களைச் சோதித்துப் பொய்யர் என்று கண்டுபிடிக்கும் உபதேசத் தெளிவும் இருந்தது. இதையெல்லாம் பாராட்டிய பிறகுதான், “ஆனாலும், நீ ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய் என்று உன்பேரில் எனக்குக் குறை உண்டு” என்று ஆண்டவர் சொல்கிறார். அடுத்த வசனத்தில் வரும் மருந்து மூன்று வினைச்சொற்களில் அடங்குகிறது: நினை, மனந்திரும்பு, ஆதியில் செய்த கிரியைகளைச் செய். அனல் வரட்டும், பிறகு செய்யலாம் என்று அங்கே சொல்லப்படவில்லை. நம்மில் பலர் காத்திருப்பது அந்த அனலுக்காகத்தான்: அடுத்த கன்வென்ஷன், அடுத்த முழு இரவு ஜெபம், வெளியூரிலிருந்து வரப்போகும் அடுத்த பிரசங்கியார்.

கி.பி. 590 முதல் 604 வரை ரோமாபுரியின் ஆயராக இருந்த பெரிய கிரெகோரி ஒரு பிரசங்கத்தில் இதைக் கூர்மையாகச் சொன்னார். சரீர இன்பம் கிடைக்காதவரை ஆசை பொங்கும், கிடைத்ததும் திகட்டும். ஆவிக்குரிய இன்பமோ இதற்கு நேர்மாறு. அதை ருசிக்காதவனுக்கு அது வேண்டியதாகவே தோன்றாது. ருசித்தவனுக்குத்தான் மேலும் வேண்டும் என்று தோன்றும். ஆகவே தேவன்மேல் பசி இல்லையே என்று வருந்துகிறவர் பசிக்கும்வரை காத்திருந்தால் காலம் முழுவதும் காத்திருக்க வேண்டியதுதான். பசி இல்லாமலேயே உட்கார்ந்து கொஞ்சம் சாப்பிட வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான்.

முதல் படி: எதனால் காய்ந்தது என்று பாருங்கள்

எல்லா வறட்சிக்கும் ஒரே காரணம் கிடையாது. காரணம் தெரியாமல் “இன்னும் அதிகமாக ஜெபம் செய்யுங்கள்” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது நம் சபைகளில் சாதாரணமாகிவிட்டது. அதனால் உடைந்துபோனவர்கள் உண்டு.

காரணம் சில நேரங்களில் வெறும் உடல் அசதிதான். 1 இராஜாக்கள் 19-இல் எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாக வேண்டும் என்று கேட்கிறான். தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை, கடிந்துகொள்ளவுமில்லை. தழலில் சுடப்பட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டான், குடித்தான், மறுபடியும் தூங்கினான். தூதன் இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலைக்கு நடந்ததும் அங்கே தேவனுடைய மெல்லிய சத்தத்தைக் கேட்டதும் அதற்குப் பிறகுதான். இரவுப் பணி பார்க்கிறவர்கள், கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள், படுக்கையில் கிடக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் முதலில் தூக்கத்தைச் சரிசெய்யட்டும். வாரக்கணக்கில் எதிலுமே பிடிப்பில்லை, பசியில்லை, தூக்கமில்லை, உயிர் வாழவே பிடிக்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல. சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவரை யாரும் அவிசுவாசி என்பதில்லை.

இன்னொரு காரணம் மூடிவைத்த பாவம். “நான் அடக்கிவைத்தமட்டும், நித்தம் என் கதறுதலினாலே என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று” என்கிறது 32-ஆம் சங்கீதம். இதற்கு மேற்கொண்டு படிகள் எதுவும் உதவாது. அறிக்கையிட வேண்டியதை அறிக்கையிட்டு, திருப்பிக் கொடுக்க வேண்டியதைத் திருப்பிக் கொடுத்து, பேசாமல் இருக்கும் தம்பியிடம் போய்ப் பேசிவிட்டு வாருங்கள்.

மூன்றாவது, நம்மில் அநேகருடைய காரணம்: மனம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. இதை மூன்றாம் படியில் பார்ப்போம். நான்காவது, எந்தத் தவறும் இல்லாமல் வரும் வறட்சி. அதைக் கடைசிப் பகுதிக்கு வைத்திருக்கிறேன்.

இரண்டாம் படி: வாஞ்சையையே கேளுங்கள்

நாம் எதையெல்லாமோ கேட்கிறோம். இதைக் கேட்பதில்லை. விருப்பம் நமக்குள்ளேயே ஊற வேண்டும், அதைக் கொண்டுபோய் அவரிடம் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது, “விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர்” தேவனே என்கிறார். விருப்பமும் அவர் கொடுப்பதுதான் என்றால் அதைக் கேட்பதில் வெட்கம் எதற்கு?

119-ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். 176 வசனங்கள், வேதாகமத்திலேயே நீளமான அதிகாரம். “என் வாயை ஆவென்று திறந்து அவைகளுக்கு ஏங்குகிறேன்” என்று சொல்லும் அளவுக்கு வாஞ்சை நிறைந்த மனிதன் அதை எழுதியிருக்கிறான். அவனுடைய கடைசி வசனம் எப்படித் தொடங்குகிறது? “காணாமற்போன ஆட்டைப்போல வழிதப்பிப்போனேன், உமது அடியேனைத் தேடுவீராக.” இவ்வளவு தேடிய பிறகும், நீர் என்னைத் தேடும் என்றுதான் முடிக்கிறான்.

காலையில் எழுந்தவுடன், முகம் கழுவுவதற்கு முன்பே, ஒரே வாக்கியம் போதும்: “ஆண்டவரே, உம்மை விரும்ப எனக்கு விருப்பமில்லை; அந்த விருப்பத்தைத் தாரும்.” அழகுபடுத்த வேண்டாம். “அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் நல்ல பிதாவே” என்று தொடங்கினால் நாக்கு பழகிய தடத்திலேயே ஓடிவிடும். பிறகு ஆமென் வந்த பின்தான் சுயநினைவு வரும்.

மூன்றாம் படி: பசியைக் கெடுப்பவற்றைக் குறையுங்கள்

எரேமியா 2:13 இரண்டு தீமைகளைச் சொல்கிறது: ஜீவத்தண்ணீரின் ஊற்றை விட்டது ஒன்று, தண்ணீர் நிற்காத வெடிப்புள்ள தொட்டிகளை வெட்டிக்கொண்டது மற்றொன்று. யூதேயாவில் மழைநீரைச் சேர்க்கச் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து, உட்புறம் சாந்து பூசித் தொட்டி கட்டுவார்கள். பூச்சு வெடித்தால் தண்ணீர் கசிந்துவிடும், அடியில் சேறு மிஞ்சும். தொட்டி வெட்டுவது பாவமான வேலை அல்ல, கடினமான வேலை. பக்கத்திலேயே ஊற்று ஓடும்போது அதை விட்டுவிட்டு வியர்க்க வியர்க்கப் பாறையைக் குடைவதுதான் இதிலுள்ள பரிதாபம்.

இன்று அந்தத் தொட்டி பெரும்பாலும் தலையணைக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. கைபேசி என்றவுடன் சினிமா, கிரிக்கெட், அரசியல் சண்டை என்று நினைக்காதீர்கள். விசுவாசிகளின் கைபேசியில் நடப்பது வேறு. காலை ஐந்து மணிக்கே குடும்பக் குழுவில் ரோஜாப்பூ படத்தோடு ஒரு வசனம் வருகிறது. பெரியம்மா அனுப்பியிருக்கிறார்கள். நீங்கள் கைகூப்பும் படத்தைத் தட்டிவிட்டு அதையே வேறு மூன்று குழுக்களுக்கு அனுப்புகிறீர்கள். பிறகு ஒரு நிமிடப் பிரசங்கத் துணுக்கு ஒன்று, அதைத் தொடர்ந்து இன்னொன்று, அதன் பிறகு ஒரு புதிய ஆராதனைப் பாடல். அரைமணி நேரம் போய்விட்டது. தேவனைப்பற்றி நிறையக் கேட்டாயிற்று, தேவனிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மனமோ “இன்றைக்குத் தியானம் ஆயிற்று” என்று கணக்கு எழுதிவிடுகிறது. சாப்பாட்டுக்கு முன் முறுக்குத் தின்ற பிள்ளைக்குச் சோறு இறங்குமா?

செய்ய வேண்டியவை எளியவை. படுக்கையறைக்கு வெளியே கைபேசிக்குச் சார்ஜ் போடுங்கள். எழுப்புவதற்கு ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் வாங்குங்கள். அச்சிட்ட வேதாகமத்தை எடுத்துப் படியுங்கள். அந்த நேரம் முடியும்வரை குழுக்களைத் திறக்காதீர்கள். பெரியம்மா கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தொலைக்காட்சியை நிரந்தரமாக விற்றுவிடுவேன் என்ற சபதமெல்லாம் வேண்டாம். அப்படிப்பட்ட வைராக்கியத்துக்கு ஆயுசு குறைவு.

வாக்குத்தத்த அட்டைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் எடுத்த அட்டையைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுகிறோம், தவறில்லை. ஆனால் வருடம் முழுவதற்கும் ஒரே வசனம், அதுவும் “உன்னை ஆசீர்வதிப்பேன்” என்ற வகையில் மட்டும் என்றால், நாம் விரும்பக் கற்றுக்கொள்வது ஆசீர்வாதத்தையா, ஆசீர்வதிக்கிறவரையா என்ற கேள்வி எனக்கு எழாமல் இல்லை.

நான்காம் படி: ஒரே சங்கீதத்தோடு ஒரு வாரம்

ஒரு வருடத்தில் வேதாகமத்தை வாசித்து முடிக்கும் திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் காய்ந்துபோன மனதுக்கு அது மருந்தல்ல. மார்ச் மாதம் லேவியராகமத்தில் பின்தங்கியவர் தேவனைத் தேட உட்காருவதில்லை, பாக்கி அதிகாரங்களைத் தீர்க்க உட்காருகிறார். அதைச் சிறிது காலம் நிறுத்திவைத்துவிட்டு 42, 43 சங்கீதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எபிரெயக் கையெழுத்துப் பிரதிகள் பலவற்றில் இவை இரண்டும் ஒரே சங்கீதமாக இருக்கின்றன. “என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?” என்ற பல்லவி 42:5, 42:11, 43:5 ஆகிய மூன்று இடங்களிலும் திரும்ப வருவதே இதற்குப் போதுமான சான்று. தினமும் இருபது நிமிடம் ஒதுக்குங்கள், வாய்விட்டு வாசியுங்கள்.

திங்கட்கிழமை முதல் இரண்டு வசனங்கள். “மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல, தேவனே, என் ஆத்துமா உம்மை வாஞ்சித்துக் கதறுகிறது.” கிறிஸ்தவக் காலண்டர்களில் இந்த வசனத்துக்குப் போடும் படத்தைப் பார்த்திருப்பீர்கள்: பச்சைப் பசேலென்ற காடு, அருவி, கரையில் நிதானமாகத் தண்ணீர் குடிக்கும் மான். சங்கீதத்தில் இருக்கும் மானோ குடிக்கவில்லை, கதறுகிறது. வாஞ்சை என்பது நிறைவான மனநிலை என்று நினைத்து, அது நமக்கு இல்லையே என்று ஏங்குகிறோம். இல்லையே என்ற அந்த ஏக்கம் ஏற்கெனவே கதறலின் தொடக்கமாக இருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை மூன்றாம் வசனம். “உன் தேவன் எங்கே” என்று நாள்தோறும் கேட்கிறார்கள். கண்ணீரே சங்கீதக்காரனுக்கு உணவாயிற்று. உங்களிடம் இதைக் கேட்பது யார்? அலுவலகத்து நண்பரா, கல்லூரியில் படிக்கும் மகனா, மருத்துவமனை அறிக்கையா? பெயரைச் சொல்லி அவரிடம் முறையிடுங்கள்.

புதன்கிழமை நான்காம் வசனம். பண்டிகைக் கூட்டத்தோடு தேவாலயத்திற்குப் போய்வந்த நாட்களை அவன் நினைக்கிறான், உள்ளம் உருகுகிறது. எபேசு சபைக்குச் சொல்லப்பட்ட “நினை” இங்கே நடக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, தேவனை நீங்கள் உண்மையாகவே விரும்பிய ஒரு காலத்தை எழுதுங்கள். பொதுவாக எழுதாதீர்கள். எந்த ஊர், எந்த ஆலயம், யார் ஜெபித்தார்கள், என்ன பாட்டு, வெளியே மழையா வெயிலா என்று எழுதுங்கள். விடுமுறை வேதாகமப் பள்ளியின் பனை ஓலைப் பந்தலாக இருக்கலாம், விடுதி அறையின் மொட்டை மாடியாக இருக்கலாம். அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் குறியுங்கள். “ஆதியில் செய்த கிரியைகள்” எவை என்று அதில்தான் தெரியும்.

வியாழக்கிழமை பல்லவி. இங்கே அவன் தேவனிடம் பேசவில்லை. தன் ஆத்துமாவிடம் பேசுகிறான். நாள் முழுவதும் மனம் சொல்வதை நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இவன் மனதை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிறான். “தேவனை நோக்கிக் காத்திரு” என்று கட்டளையும் கொடுக்கிறான். உங்கள் பெயரைச் சொல்லி, சத்தமாக, இதைச் சொல்லிப் பாருங்கள். முதலில் கூச்சமாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை ஆறு முதல் எட்டு வரை. இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். அவன் எங்கே இருக்கிறான் என்று ஆறாம் வசனம் காட்டுகிறது: யோர்தான் தேசம், எர்மோன் மலைகள். எருசலேமுக்கு வெகு வடக்கே, நாட்டின் எல்லை. எர்மோனின் உயரம் 2,814 மீட்டர். அதன் பனி உருகிய நீர்தான் மலையடிவார ஊற்றுகளாகக் கிளம்பி யோர்தானாகிறது. அந்த நாட்டிலேயே தண்ணீருக்குக் குறைவில்லாத இடம் அது. “உமது மதகுகளின் இரைச்சலால் ஆழத்தை ஆழம் கூப்பிடுகிறது” என்று அவன் எழுதுவது கேட்ட சத்தத்தைத்தான் என்று நினைக்கத் தோன்றுகிறது. தண்ணீர் இரைகிற இடத்தில் நின்றுகொண்டு தாகம் என்கிறான்! சம்பளம், வீடு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் குறைவில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே காய்ந்திருப்பவர்களுக்கு இந்த மனிதன் அந்நியன் அல்ல.

சனிக்கிழமை ஒன்பது முதல் பதினொன்று. “ஏன் என்னை மறந்தீர்?” என்று கன்மலையாகிய தேவனிடமே கேட்கிறான். அவரைப் பற்றி அடுத்தவரிடம் முறுமுறுப்பது ஒன்று. அவரிடமே போய்க் கேட்பது வேறு. பின்னதற்குப் பெயர் ஜெபம். ஞாயிற்றுக்கிழமை, ஆலயத்திற்குக் கிளம்பும் முன், 43-ஆம் சங்கீதம் முழுவதும். “உமது வெளிச்சத்தையும் உமது சத்தியத்தையும் அனுப்பியருளும்” என்ற மூன்றாம் வசனத்தை வழியில் சொல்லிக்கொண்டே போங்கள். சங்கீதம் முடியும்போதும் அவன் ஆலயத்திற்கு வந்து சேரவில்லை என்பதைக் கவனியுங்கள். பல்லவி அதே பல்லவிதான்.

ஐந்தாம் படி: விண்ணப்பப் பட்டியலுக்கு முன் பத்து நிமிடம்

மகளுக்கு வரன், மகனுக்கு வேலை, அத்தையின் முழங்கால் வலி, அடகில் இருக்கும் நகை. இவற்றைக் கேட்பது தவறே அல்ல. ஆண்டவரே அன்றன்றுள்ள அப்பத்தைக் கேட்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஆனால் பட்டியல் மட்டுமே ஜெபமாகிவிட்டால் உறவு கவுன்டரில் விண்ணப்பம் கொடுத்துவிட்டுத் திரும்புவதோடு நின்றுவிடும்.

பட்டியலைத் தொடும் முன் பத்து நிமிடம் எதையும் கேட்காமல் இருங்கள். அன்றைய வசனத்தில் ஒரு சொற்றொடரை மட்டும் எடுத்து, அதை அவரிடமே திருப்பிச் சொல்லுங்கள்: “ஜீவனுள்ள தேவன் நீர்.” பிறகு பேசாமல் இருங்கள். மனம் இரண்டாவது நிமிடமே சிலிண்டர் பதிவு செய்தோமா என்று கேட்கும். அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம். “ஆண்டவரே, சிலிண்டர்” என்று சொல்லி அதை அவரிடம் வைத்துவிட்டு அந்தச் சொற்றொடருக்குத் திரும்புங்கள். பத்து நிமிடத்தில் இப்படி இருபது தடவை திரும்ப வேண்டியிருந்தால் இருபது தடவை அவரிடம் திரும்பியிருக்கிறீர்கள். அது நஷ்டக் கணக்கா?

கி.பி. 412 வாக்கில் புரோபா என்ற ரோமாபுரி விதவை, எப்படி ஜெபிப்பது என்று வட ஆப்பிரிக்க ஆயரான அகுஸ்தீனிடம் எழுதிக் கேட்டார். நம் தேவைகள் தேவனுக்கு ஏற்கெனவே தெரியுமே, பின் ஏன் கேட்க வேண்டும் என்ற கேள்விக்கு அவர் பதில் எழுதினார்: தேவன் தகவலுக்காகக் கேட்கச் சொல்லவில்லை, கேட்பதால் நம் விருப்பம் பயிற்சி பெறுகிறது, அவர் கொடுக்கவிருப்பதைப் பெற்றுக்கொள்ளும் கொள்ளளவு நமக்கு உண்டாகிறது. பதில் தாமதமாகும் நாட்களில் இந்தக் கடிதத்தை நினைத்துக்கொள்வது நல்லது.

ஆறாம் படி: உபவாசம், அளவோடு

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் நம் சபைகளுக்குப் புதிதல்ல. ஆனால் அது பெரும்பாலும் ஒரு காரியம் கைகூடுவதற்கான உபவாசமாகவே இருக்கிறது. மத்தேயு 9:15-இல் ஆண்டவர் சொல்லும் காரணம் வேறு: மணவாளன் எடுபடும் நாட்கள் வரும், அப்பொழுது உபவாசிப்பார்கள். அவர் கூட இல்லை என்பதற்காக உண்ணாமல் இருப்பது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி இளமையில் புதன், வெள்ளி இரு நாட்களும் பிற்பகல் மூன்று மணி வரை உபவாசித்தார். நாம் வாரத்தில் ஒரு மதிய உணவை விடுவதில் தொடங்கலாம். சாப்பிடும் அந்த அரைமணி நேரத்தை ஜெபத்துக்குக் கொடுங்கள். அந்த நேரத்தில் வேலையைத் தொடர்ந்தால் அது உபவாசமல்ல, பட்டினி. வயிறு கிள்ளும்போது யூதாவின் வனாந்தரத்தில் தாவீது பாடிய 63-ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தைச் சொல்லுங்கள்: “வறண்டதும் விடாய்த்ததும் தண்ணீரற்றதுமான நிலத்திலே என் ஆத்துமா உம்மேல் தாகமாயிருக்கிறது.” அந்த நிமிடம் அந்த வார்த்தைகள் உடம்புக்கே புரியும்.

சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வேளை தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உணவை விட வேண்டாம். மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். அவர்கள் ஒரு நாள் செய்திகளையும் தொடர்களையும் விடலாம். மற்றவர்களுக்கு ஒரு சிறு விண்ணப்பம்: உபவாசம் முடிந்த கையோடு பிரியாணிக்கு ஆள் அனுப்பும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வயிறும் பாவம், உபவாசமும் பாவம்.

ஏழாம் படி: வேலை நேரத்திலும்

17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கர்மேல் மடத்தில் லாரன்ஸ் என்ற சகோதரர் இருந்தார். படிப்பு அதிகமில்லை. பல வருடம் சமையலறை வேலை, பிறகு செருப்புத் தைக்கும் வேலை. சமையலறைச் சந்தடியிலும் முழங்காலில் நிற்கும்போதும் ஒரே விதமாகத் தேவனோடு இருக்க முடிகிறது என்று சொன்னவர் அவர். அது ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஆண்டுக்கணக்கில் மறந்து மறந்து திரும்பி வந்து பழகிய பழக்கம்.

நெகேமியா 2:4-ஐயும் பாருங்கள். ராஜா “நீ கேட்கிற காரியம் என்ன” என்கிறான். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபிக்கிறான். எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும்? ஒரு மூச்சு. அப்படி மூச்சளவு ஜெபம் இரண்டு மூன்றை வைத்துக்கொண்டு, தினமும் செய்யும் வேலைகளோடு கட்டிப்போடுங்கள். குக்கரை அடுப்பில் ஏற்றும்போது ஒன்று. பஸ்ஸில் டிக்கெட் வாங்கியதும் ஒன்று. மேலாளரின் அறைக் கதவைத் தட்டும் முன் ஒன்று. ஆயக்காரனுடைய “தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்” எந்த இடத்துக்கும் பொருந்தும்.

எட்டாம் படி: பாட்டு, திருவிருந்து, ஒரு தோழமை

கீர்த்தனைகளை மனப்பாடமாக்குங்கள், முதல் சரணத்தோடு நிறுத்தாமல். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரும் (1774–1864) நெல்லை எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையும் (1827–1900) தமிழ்ப் பக்தி மரபின் உருக்கத்தைக் கிறிஸ்துவிடம் கொண்டுவந்து கொட்டியவர்கள். நமக்குச் சொல்லத் தெரியாத ஏக்கத்தை அவர்களுடைய வரிகள் நமக்காகச் சொல்லும். பாத்திரம் கழுவும்போது பாடினாலே போதும். குரல்வளம் யாரும் கேட்கவில்லை.

திருவிருந்துக்கு சனிக்கிழமை இரவே ஆயத்தப்படுங்கள். “அவர் வருமளவும்” அவருடைய மரணத்தைத் தெரிவிக்கிறோம் என்கிறார் பவுல். காத்திருப்பவர்களின் பந்தி அது.

மனம் திறந்து பேச ஒருவர் இருக்கட்டும். போதகராக இருக்க வேண்டியதில்லை. “எப்படி இருக்கிறீர்கள்?” என்றால் “கர்த்தருடைய கிருபையால் நன்றாக இருக்கிறேன்” என்று சொல்லாமல், “காய்ந்திருக்கிறேன் அக்கா” என்று சொல்ல முடிகிற ஒருவர்.

இவ்வளவுக்குப் பிறகும் வறண்டே இருந்தால்

1577 டிசம்பரில் சிலுவையின் யோவான் என்ற கர்மேல் சபைத் துறவியை அவருடைய சொந்தச் சபைத் துறவிகளே பிடித்துக்கொண்டுபோய் ஸ்பெயினின் தொலேதோ நகரத்தில் ஒரு குறுகிய அறையில் அடைத்தார்கள். 1578 ஆகஸ்டில் தப்பிக்கும்வரை அங்கேதான் இருந்தார். மறைந்துபோன அன்பரைத் தேடி அலையும் ஆத்துமாவின் கவிதைகளில் பெரும்பகுதியை அந்த இருட்டில்தான் இயற்றினார். வறட்சியைப் பற்றி அவரளவுக்கு நுட்பமாக எழுதியவர்கள் குறைவு. தேவன் நடத்திச்செல்லும் வறட்சிக்கும் வெறும் வெதுவெதுப்புக்கும் வித்தியாசம் காண மூன்று அடையாளங்களைச் சொன்னார். தேவ காரியங்களில் ருசி இல்லை, ஆனால் உலகத்தின் காரியங்களிலும் ருசி இல்லை. தான் தேவனைச் சேவிக்கவில்லையே, பின்வாங்கிப் போகிறேனே என்ற கவலை அரிக்கிறது. முன்போலத் தியானிக்க முயன்றும் முடியவில்லை. இந்த மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். முதலாவது மட்டும் இருந்தால் அது உடல், மன நோயாலும் வரலாம் என்று அந்தக் காலத்திலேயே எச்சரித்தார்.

வெதுவெதுப்பானவன் கவலைப்படுவதில்லை என்பதே இதில் முக்கியம். காய்ந்திருக்கிறேனே என்று நோகிறவரிடம் வாஞ்சை செத்துவிடவில்லை, ருசிதான் போயிருக்கிறது. அப்படிப்பட்ட காலத்தில் புதிய முறைகளைத் தேடி ஓடாதீர்கள். நேரத்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அதே நாற்காலி, அதே இருபது நிமிடம். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் வெளிவந்தபோதுதான், ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் அவர் இப்படி ஒன்றும் உணராமலேயே அதிகாலையில் ஜெபத்துக்குப் போய்க்கொண்டிருந்தார் என்று உலகத்துக்குத் தெரிந்தது.

வளர்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது?

கண்ணீரை வைத்துப் பார்க்காதீர்கள். சிலருக்கு அது சுலபமாக வரும், சிலருக்கு வரவே வராது. வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். காலைத் தியானத்தை யாராவது குறுக்கிட்டால் சீறுகிறீர்களா? வேலைக்கு வரும் பெண்ணிடம் பேசும் குரல் மாறியிருக்கிறதா? தன் சகோதரனை நேசியாதவன் காணாத தேவனில் எப்படி அன்புகூருவான் என்று யோவான் கேட்ட பிறகு, இதைத் தவிர்த்து வேறு அளவுகோல் தேட முடியாது. ஏசாயா 58-ஐ ஒருமுறை உபவாச நாளில் வாசித்துவிடுங்கள். விட்ட மதிய உணவின் செலவு யாருக்குப் போக வேண்டும் என்று அது சொல்லும்.

நாட்கள் தவறும். தவறினால் விட்டதைச் சேர்த்து ஈடுகட்ட முயலாதீர்கள். புதன், வியாழனை விட்டிருந்தால் வெள்ளிக்கிழமைப் பகுதியிலிருந்து தொடருங்கள். 42, 43 சங்கீதங்களை ஒரு மாதம் இப்படியே சுற்றி வந்த பிறகு 63, 84, 27, 130, 143 என்ற வரிசையில் போகலாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம். எட்டெட்டு வசனங்களாக 22 பகுதிகள் கொண்ட 119-ஐ உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு முந்திய லெந்து எனும் தவக்கால நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு நான்கு பகுதி வாசித்தால் உயிர்த்தெழுந்த பண்டிகைக்குள் முடிந்துவிடும்.